ஒரே பிடிப்பில் கடையுங்கள்: பழைய லேத்தும் வீட்டுத் தொலைநோக்கியும்

கேள்வி: என் பெரியப்பாவின் பட்டறையிலிருந்து 1950களில் செய்யப்பட்ட மைஃபோர்ட் எம்எல்7 லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. 8 அங்குல, எஃப்/6 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு) நியூட்டன் தொலைநோக்கி கட்டத் தொடங்கியிருக்கிறேன். கண்ணாடிகள் தயார். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) அடாப்டர், ஃபோகஸர் (ஐபீஸை நகர்த்திப் பிம்பத்தைக் கூர்மையாக்கும் பகுதி), துணைக் கண்ணாடியின் தாங்கி, கேமரா மாட்டும் மரை வளையம், பிறகு விண்மீனைத் தொடர்ந்து சுழலும் ஈக்வடோரியல் தாங்கி ஆகியவற்றை இதிலேயே கடைய முடியுமா? பொருளைப் பிடிக்கும் சக் 0.1 மி.மீ. ஆடுகிறது. லேத்தின் அடித்தளமான பெட் தலைப்பக்கம் தேய்ந்திருக்கிறது. நல்ல லேத் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்:

காத்திருக்க வேண்டாம். உங்கள் பட்டியலில் கடைசி ஒன்றின் ஒரு பகுதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்த லேத் செய்யும். விலை மலிந்த ஃபோகஸர்களைவிட நன்றாகவே செய்யும். தொலைநோக்கியில் துல்லியம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெளிவாகிவிட்டால் உங்கள் கவலையில் பாதி போய்விடும்.

கண்ணாடியின் பரப்பு ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் சரியாக அமைய வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. பச்சை ஒளிக்கு அது ஏறத்தாழ 0.00007 மி.மீ. எந்த லேத்தும் அந்த எல்லைக்குப் போகாது, போக வேண்டியதும் இல்லை. அந்த வேலை கண்ணாடியைத் தேய்த்தவர் கையில் முடிந்துவிட்டது. உலோக உறுப்புகளின் கடமை வேறு: கண்ணாடியை நெருக்காமல் பிடிக்க வேண்டும், ஐபீஸை ஆட்டமில்லாமல் நகர்த்த வேண்டும், நகர்த்திய இடத்தில் நிறுத்த வேண்டும். எஃப்/6 அமைப்பில் பிம்பம் கூர்மையாக நிற்கும் ஆழம் குவியத்துக்கு இருபுறமும் சுமார் 0.04 மி.மீ. ஃபோகஸர் மதிக்க வேண்டிய அளவு இதுதான். ஐபீஸ் துளையின் மையம் 0.1 மி.மீ. தள்ளி இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கண்ணாடிகளின் அச்சைச் சீராக்கும் காலிமேஷன் திருகுகள் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் ஐபீஸ் தன் துளைக்குள் தளர்ந்து, ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தால் அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. நிலையான பிழையைத் திருத்தலாம். மாறிக்கொண்டே இருக்கும் பிழையைத் திருத்த முடியாது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. துளையும் வெளிவட்டமும் ஒரே அச்சில் இருக்க வேண்டும், முகப்பு அந்த அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உங்கள் சக் 0.1 மி.மீ. ஆடுகிறது என்றால், கம்பி மையம் விலகிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கம்பியின் முகப்பைச் சீவி, வெளிவட்டத்தைக் கடைந்து, துளையையும் உட்கடைந்துவிட்டால் மூன்று பரப்பும் ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) அச்சைச் சுற்றியே அமைகின்றன. சக்கின் பிழை முழுவதும் சுருள்களோடு தட்டில் விழுந்துவிடும். பொருளைக் கழற்றித் திருப்பி மறுபடி பிடிக்கும்போதுதான் அந்த 0.1 மி.மீ. உறுப்புக்குள் நுழைகிறது. எனவே எந்த உறுப்பையும் கடையத் தொடங்கும் முன், முக்கியமான பரப்புகள் அனைத்தையும் ஒரே பிடிப்பில் முடித்துக் கடைசியில் அறுத்தெடுக்க வழி இருக்கிறதா என்று தாளில் வரைந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். பெட் தேய்வும் நீங்கள் அஞ்சும் அளவு தொல்லை தராது. அது நீண்ட தண்டுகளில்தான் கூம்பாகத் தெரியும். தொலைநோக்கி உறுப்புகள் பெரும்பாலும் 30, 40 மி.மீ. நீளம்தான்.

இது நான் கண்டுபிடித்துச் சொல்லும் நம்பிக்கை அல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட், லேத்துகளுக்குப் பேர்போன சிற்றூர். அங்கே ஜோன்ஸ் அண்ட் லாம்சன் என்னும் இயந்திரத் தொழிற்சாலையை நடத்திய ஜேம்ஸ் ஹார்ட்னெஸ் தன் வீட்டிலேயே தொலைநோக்கி அமைத்திருந்தவர். 1919இல் அவர் அழைப்பின்பேரில் ஊர் திரும்பிய ரஸ்ஸல் போர்ட்டர், அடுத்த ஆண்டு கண்ணாடி தேய்க்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலையில் பகலெல்லாம் லேத்தோடு நின்றவர்கள். 1923இல் அவர்கள் சங்கமாகக் கூடினார்கள். ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஸ்டெல்லஃபேன் என்னும் தங்கள் கூடத்தை எழுப்பினார்கள். வீட்டில் தொலைநோக்கி கட்டும் வழக்கம் அமெரிக்கா எங்கும் பரவியதற்கு அந்தக் குன்று ஒரு பெரிய காரணம். போர்ட்டர் பின்னாளில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியின் வடிவமைப்பில் பங்கேற்றார். ஹார்ட்னெஸும் போர்ட்டரும் சேர்ந்து செய்த இன்னொரு கருவியும் நினைவில் வைக்கத்தக்கது. மரையின் நிழலைப் பன்மடங்கு பெரிதாக்கித் திரையில் வீழ்த்தி, அதன் வடிவத்தைச் சரிபார்க்கும் ஒளிக்கருவி அது. லேத் பட்டறையும் வானியலும் நெருங்கிய உறவினர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர்கள் பயன்படுத்திய லேத்துகள் உங்களுடையதைவிடப் பழையவை.

இனி உங்கள் லேத்துக்கு வருவோம். எம்எல்7, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமை அடுத்த பீஸ்டனில் 1946 முதல் வந்த லேத். மைய உயரம் 3½ அங்குலம். ஸ்பிண்டில் ஒயிட் மெட்டல் பேரிங்குகளில் சுழல்கிறது. முதலில் அதன் ஆட்டத்தைப் பாருங்கள். சக்கின் அருகே ஸ்பிண்டிலின்மேல் டயல் இண்டிகேட்டரை வைத்து, சக்கில் பிடித்த கம்பியைக் கையால் மேலே நெம்புங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் எழுந்தால் பேரிங் மூடிக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகளைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு வேலையை ஒத்திப்போடாதீர்கள். பரப்பில் அலை அலையாக வரும் கோடுகளுக்கும், அறுக்கும்போது டூல் சிக்கிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இந்த ஆட்டமே காரணம். அடுத்து டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, மேல் ஸ்லைடு இரண்டின் கிப் பட்டைகளை (தளர்வை நீக்கும் பட்டைகளை) இறுக்குங்கள். கைப்பிடி சற்றே கனமாகச் சுற்றும் பதம் போதும். சொட்டு எண்ணெய்க் குவளைகள் காலியாக இருக்கும்போது மோட்டாரைத் தொடவே கூடாது. ஒயிட் மெட்டல் எண்ணெய் இல்லாமல் தாங்காது.

பிறகு ஒரு சோதனை. 25 மி.மீ. தடிப்புள்ள கம்பியை 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் வேண்டாம். நடுப்பகுதியைத் தாழ்த்திவிட்டு, இரு முனைகளிலும் சிறு வளையம்போல் மேடு விடுங்கள். டூலின் நிலையை மாற்றாமல் இரண்டு மேடுகளையும் மெல்லிய ஒரே ஓட்டத்தில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்தால், லேத் நேராக வெட்டுகிறதா என்று தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் பழியைத் தேய்வின்மேல் போடும் முன் லேத்தின் கால்களைப் பாருங்கள். மேசையில் கோணலாக இறுக்கப்பட்ட பெட் முறுக்கிக்கொள்ளும். டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலின் அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தாலே பல லேத்துகள் நிமிர்ந்துவிடும்.

பழைய லேத்தின் டயலைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். உங்கள் கிராஸ் ஸ்லைடில் ஒரு கோடு என்பது ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதாவது 0.025 மி.மீ. டூல் அவ்வளவு உள்ளே போனால் விட்டம் அதன் இரு மடங்கு குறையும். பேக்லாஷ் (திசை மாற்றும்போது திருகில் தெரியும் வெற்று ஆட்டம்) இருப்பது குற்றமல்ல. எப்போதும் ஒரே திசையில் சுற்றிக் கோட்டுக்கு வந்து நிறுத்தினால் அது கணக்கில் வராது. தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னே வாருங்கள்.

அலுமினியம் வாங்கும்போது எச்இ30 என்னும் கலப்பு வகையைக் கேளுங்கள். 6061 கிடைத்தாலும் நல்லது. கதவு, சன்னலுக்கு வரும் 6063 மென்மையானது, டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும். எடைக்கு விற்கும் பழைய உலோகக் கடையில் கிடைக்கும் துண்டுகள் அடாப்டருக்கும் வளையங்களுக்கும் போதும். கார்பைடு முனைகளைவிட, நீங்களே சாணையில் தீட்டிய எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் இந்த லேத்துக்கு உகந்தது. கார்பைடு கேட்கும் வேகமும் விறைப்பும் இதில் இல்லை. அலுமினியத்துக்கு மேல்சரிவு அதிகமாக வைத்து, முனையை எண்ணெய்க்கல்லில் பளபளப்பாகத் தேய்த்து, மண்ணெண்ணெயைத் தூரிகையால் தொட்டுக்கொண்டே வெட்டுங்கள். உங்கள் லேத்தின் உச்ச வேகமான 640 சுற்று குறைவென்று எண்ண வேண்டாம். 60 மி.மீ. விட்டத்தில் அது நிமிடத்துக்கு 120 மீட்டர் வெட்டு வேகம், எச்எஸ்எஸ் டூலுக்கு அது தாராளம். பித்தளைக்கு மேல்சரிவே கூடாது. சரிவுள்ள டூலைப் பித்தளை உள்ளே இழுத்துவிடும்.

முதல் வேலையாக அடாப்டரை எடுங்கள். 2 அங்குலத் துளைக்குள் போய், 1¼ அங்குல ஐபீஸைப் பிடிக்கும் வளையம் அது. கை பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கேட்கும் எல்லாமும் இதில் இருக்கிறது, கெட்டாலும் நட்டம் ஒரு துண்டு அலுமினியம்தான். 60 மி.மீ. கம்பியைப் பிடித்து முகப்பைச் சீவுங்கள். வெளியே 50.7 மி.மீ. வரை கடையுங்கள், சக் பக்கம் விளிம்பாக நிற்க ஒரு படி விடுங்கள். பெயரளவில் 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ., உள்ளே போகும் உறுப்பு அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதே பிடிப்பில் துளையை 30 மி.மீ. வரை துளைத்துப் போரிங் பாரால் (துளையை உட்கடையும் தண்டால்) 31.8 மி.மீ. நோக்கி மெல்ல நெருங்குங்கள். பெயரளவு 31.75. கடைசி இரண்டு மூன்று வெட்டுகளுக்கு முன் மோட்டாரை நிறுத்தி உறுப்பை ஆறவிடுங்கள். அலுமினியம் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. 30 பாகை சூடேறிய 50 மி.மீ. வட்டம் 0.03 மி.மீ.க்கு மேல் பெரிதாகக் காட்டும். சூட்டில் சரியாக இருந்த துளை, ஆறியபின் ஐபீஸை ஏற்காது.

துளைக்கு அளவுகோல் ஐபீஸேதான். ஆனால் அதன் லென்சைச் சுருள் பறக்கும் இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஐபீஸின் குழலை மைக்ரோமீட்டரால் அளந்து, அதே விட்டத்தில் ஒரு சோதனைக் கட்டையை முன்கூட்டியே கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டை துளைக்குள் காற்றை அமுக்கிக்கொண்டு மெல்ல இறங்கினால் பொருத்தம் அமைந்துவிட்டது. தொபீரென்று விழுந்தால் துளை பெரிது.

இறுக்குவதற்கு ஒற்றைத் திருகை நேராக ஐபீஸின்மேல் அழுத்த வைக்காதீர்கள். குழலில் தழும்பு விழும், ஐபீஸும் ஒரு பக்கம் தள்ளப்படும். துளையின் உள்ளே 5 மி.மீ. அகலத்தில் ஒரு காடி வெட்டி, அதில் பிளவுள்ள பித்தளைப் பட்டையை வளையமாக வளைத்து வையுங்கள். திருகு பட்டையை அழுத்தும், பட்டை ஐபீஸைச் சுற்றிப் பிடிக்கும். இந்தக் காடியையும் அதே பிடிப்பிலேயே வெட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் குறைந்த வேகத்தில் அறுத்தெடுங்கள். அறுக்கும் டூல் மைய உயரத்தில் மிகச் சரியாக இருக்க வேண்டும், டூலைத் தாங்கி ஓடும் கேரேஜைப் பூட்டியிருக்க வேண்டும்.

ஃபோகஸருக்குப் பல்சட்டமும் பல்சக்கரமும் வெட்டத் தேவையே இல்லை. லண்டனின் கிரேஃபோர்ட் பகுதியிலுள்ள வானியல் சங்கத்தின் உறுப்பினரான ஜான் வால், 1970களின் தொடக்கத்தில் ஓர் அமைப்பைச் செய்து, காப்புரிமை எடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ஊர்ப் பெயரிலேயே அது கிரேஃபோர்ட் ஃபோகஸர் என்று அழைக்கப்படுகிறது. ஐபீஸைத் தாங்கும் நகர்குழாய் நான்கு சிறிய பால் பேரிங்குகளின்மேல் வி வடிவத்தில் படுத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் குழாயின் தட்டையான ஒரு பட்டையின்மேல் வழுவழுப்பான எஃகுத் தண்டு அழுத்தும். தண்டைச் சுற்றினால் உராய்வினால் குழாய் நகரும். பற்கள் இல்லாததால் பேக்லாஷ் இல்லை. பேரிங்குகள் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால் ஆட்டமும் இல்லை. 5 மி.மீ. தண்டு ஒரு சுற்றுக்கு 15.7 மி.மீ. நகர்த்தும். 0.04 மி.மீ. என்பது அந்தச் சுற்றில் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. விரலுக்கு இது நுட்பமான வேலை, அதனால் குமிழைப் பெரிதாக, 40 மி.மீ. விட்டத்துக்காவது கடையுங்கள். நர்லிங் உருளை இருந்தால் சொரசொரப்பு ஏற்றலாம். இல்லையென்றால் குமிழின் விளிம்பில் இரண்டு காடி வெட்டி ரப்பர் வளையங்களை மாட்டுங்கள். பனிக்காலத்து இரவில் விரலுக்கு அதுவே இதமாக இருக்கும்.

இந்த ஃபோகஸரில் கடினமான உறுப்பு நகர்குழாய்தான். 2 அங்குல ஐபீஸுக்கு உள்விட்டம் 50.9, வெளிவிட்டம் 57 மி.மீ. அளவில் இருக்கும், சுவர் 3 மி.மீ.தான். மெல்லிய குழாயை மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் அது மூன்று இடத்தில் அமுங்கும். அந்த நிலையில் துளையை வட்டமாகக் கடைவீர்கள். தாடையைத் தளர்த்தியதும் குழாய் பழைய வடிவத்துக்குத் திரும்பும், வட்டமாக இருந்த துளை மூன்று முகடுள்ளதாக மாறிவிடும். லேத்தில் இருக்கும்போது சரியாக அளந்தது வெளியே வந்ததும் தவறாகிவிட்டது என்று பலர் குழம்புவது இதனால்தான். பருமனான குழாயாக வாங்கி, முதலில் உள்ளே கடைந்து, பிறகு வெளியே கடைவதே வழி.

இங்கே உங்கள் எம்எல்7 தன் அருமையைக் காட்டும். அதன் கிராஸ் ஸ்லைடு டி வடிவக் காடிகள் உள்ள தட்டையான மேசை. குழாயை மரக் கட்டைகளுக்கு இடையே அதன்மேல் கட்டிவிட்டு, ஸ்பிண்டில் உள்ள ஹெட்ஸ்டாக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தடித்த தண்டை மாட்டி, அதன் நடுவில் சிறு டூலைச் செருகிச் சுழலவிடலாம். பொருள் நகரும், டூல் சுழலும். இரு முனையிலும் தாங்கப்பட்டிருப்பதால் தண்டு துள்ளாது. டூலின் ஆரம் மாறாததால் 90 மி.மீ. நீளத்துக்கும் துளை ஒரே விட்டமாக வரும், பெட் தேய்வு விட்டத்தைத் தொடாது. நீண்ட போரிங் பாரை நீட்டிக்கொண்டு போராடுவதைவிட இது நிம்மதி. ஃபோகஸரின் உடற்பகுதியான சதுரக் கட்டையின் துளையையும் இதே முறையில் செய்யுங்கள். புதிய சிறு லேத்துகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது.

துளை முடிந்ததும் அதற்குள் இறுக்கமாகப் போகும் இரண்டு அடைப்புக் கட்டைகளைக் கடைந்து, மையப் புள்ளி துளைத்து, குழாயைக் கூர்முனைத் தாங்கிகளான இரு சென்டர்களுக்கு நடுவே மாட்டி வெளியே கடையுங்கள். உள்ளும் வெளியும் ஒரே அச்சு ஆகிவிடும். கூம்பாக வந்தால் டெயில்ஸ்டாக்கைச் சற்று நகர்த்தித் திருத்தலாம். தண்டு அழுத்தும் தட்டைப் பட்டைக்கு அரத்தால் சீராகத் தேய்த்து, அதன்மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை எபாக்சியால் ஒட்டுங்கள். மென்மையான அலுமினியத்தின்மேல் எஃகுத் தண்டு நேராக உருண்டால் சில மாதங்களில் பள்ளம் விழும், பிறகு வழுக்கும்.

துணைக் கண்ணாடியின் தாங்கியில் 45 பாகைச் சரிவைப் பற்றி மிகவும் கவலைப்படுவார்கள். ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்தாலே போதும். ஒரு பாகை தவறினாலும் திருகுகள் அதை எடுத்துக்கொள்ளும். கவனம் செல்ல வேண்டியது திருகுகளின் முனையில்தான். மூன்று திருகுகளின் கூர்முனை அலுமினியத் தட்டில் நேராக அழுத்தினால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குழி தோண்டிக்கொள்ளும். பிறகு சிறிது திருத்த முயன்றாலும் முனை பழைய குழிக்கே சரிந்து போகும். காலிமேஷன் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்னும் புலம்பலில் பெரும்பங்கு இந்தக் குழியால் வருவது. நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் வட்டத் தகடு வையுங்கள், திருகு முனைகளை லேத்தில் பிடித்து உருண்டையாக்கிப் பளபளப்பாக்குங்கள். பத்து நிமிட வேலை, ஆண்டுக்கணக்கில் நன்மை.

முதன்மைக் கண்ணாடியின் திருகுகளுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்6 திருகு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். மூன்று திருகுகள் 80 மி.மீ. ஆரத்தில் இருந்தால் நெம்பும் தூரம் 120 மி.மீ. உங்கள் குவியத் தூரம் 1200 மி.மீ., எதிரொளித்த கதிர் இரு மடங்கு திரும்பும். ஆக ஒரு முழுச் சுற்றுக்கு பிம்பம் 20 மி.மீ. நகரும். எட்டில் ஒரு சுற்றுக்கே 2.5 மி.மீ. அதனால் பிடிகுமிழ் பெரிதாகவும் ஸ்பிரிங் வலுவாகவும் இருக்கட்டும். எஃப்/6 இதில் பொறுமையானது. பிம்பம் கெடாத நடுப்பகுதியின் அகலம் எஃப் எண்ணின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது, எஃப்/4 கண்ணாடியானால் அது உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையும்.

மூன்று துளைகளை 120 பாகைக்கு ஒன்றாகக் குறிக்க தனிக் கருவி தேவையில்லை. சக்கின் ஒரு தாடையைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் அடியில் பெட்டின்மேல் நிற்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாடையையும் அதன்மேல் அமர்த்தி, டூல் முனையால் முகப்பில் கோடு இழுத்தால் மூன்று சம பங்கு கிடைத்துவிடும்.

கேமரா வளையத்தின் மரை எம்42 × 0.75. மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் உங்கள் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை உள்ளது. மெட்ரிக் மரையைச் சரியாக வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும், இந்தச் சிறிய லேத்தில் அது எளிதில் இடம் கொள்ளாது. 63 பல் சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதைக்கொண்டு வரும் பிழை எட்டாயிரத்தில் ஒரு பங்கு. 5 மி.மீ. நீள மரையில் அது உங்கள் மைக்ரோமீட்டருக்குக்கூடத் தெரியாது. ஆனால் மெட்ரிக் மரை வெட்டும்போது அரைநட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிடியை) திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த ஓட்டத்தில் டூல் பழைய காடியில் விழாது. திறக்காமல் பின்னால் வர மோட்டாரைத் திருப்பிச் சுற்றலாமே என்று தோன்றும். உங்கள் சக் மரையால் ஸ்பிண்டிலில் மாட்டப்பட்டது. வெட்டிக்கொண்டு திருப்பிச் சுற்றினால் அது கழன்று பெட்டின்மேல் விழும், நிற்பவர் மேலும் விழலாம். ஆகவே ஸ்பிண்டிலின் பின்துளையில் விரியும் பிடியோடு ஒரு கைப்பிடி செய்து மாட்டி, மோட்டாரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, கையாலேயே சுற்றி வெட்டுங்கள். பின்னால் வரும் முன் டூலை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய, குட்டையான மரைக்கு இதுவே மிகச் சிறந்த முறை. தோள் வரும் இடத்தில் சரியாக நிறுத்த முடியும், வெட்டு எப்படிப் போகிறதென்று கைக்குத் தெரியும்.

குழாய்களின் உட்புறத்தை வழுவழுப்பாக விடாதீர்கள். கறுப்பு அனோடைஸ் செய்த பளபளப்பான துளைகூடச் சாய்வான ஒளியில் கண்ணாடிபோல் மின்னும், தெருவிளக்கின் ஒளி அதில் வழுக்கி ஐபீஸுக்குள் வரும். உட்புறத்தில் 1 மி.மீ. இடைவெளியில் மரைபோலக் காடி இழுத்துவிட்டு, மங்கலான கறுப்புச் சாயம் பூசுங்கள். சாய்ந்து வரும் ஒளி காடிகளின் சுவரில் முட்டி அடங்கிவிடும். நிலவின் விளிம்பைப் பார்க்கும்போது வானம் எவ்வளவு கறுப்பாகிறது என்பதில் இதன் பலன் தெரியும். சாயம் பூசும் முன் உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்பு நீரில் கொதிக்கவிட்டு உலர்த்துங்கள். துளைகளில் தங்கிய வெட்டு எண்ணெய் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியின்மேல் படலமாகப் படியும். கண்ணாடி லேத் இருக்கும் அறைக்குள் வரவே வேண்டாம்.

ஈக்வடோரியல் தாங்கியில் அச்சுத் தண்டுகள், பேரிங் உறைகள், எதிர்எடையின் தண்டு, பூட்டு வளையங்கள் எல்லாம் நீங்கள் கடையலாம். பேரிங் இருக்கைகள் இரண்டையும் ஒரே பிடிப்பில், அல்லது குறுக்கே ஓடும் அதே போரிங் தண்டால் கடைந்தால் அச்சு நேராக இருக்கும். நான் தடுப்பது வார்மையும் (திருகு வடிவத் தண்டு) அது பல்லில் பற்றிச் சுழற்றும் வார்ம் சக்கரத்தையும் மட்டும்தான். மரை வெட்டும் ஒரு டேப்பை இரு சென்டர்களுக்கு இடையே சுழலவிட்டு, தட்டையான சக்கரத்தை அதன்மேல் அழுத்தினால் பற்கள் தாமாக வெட்டிக்கொள்ளும். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் 100 மி.மீ. ஆரத்தில் ஒரு விகலை (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்பது அரை மைக்ரான். வார்ம் 5 மைக்ரான் தள்ளாடினால் விண்மீன் 10 விகலை அங்குமிங்கும் ஆடும். பூமி ஒரு முறை சுழல 86,164 வினாடி ஆகிறது. 360 பல் சக்கரமானால் வார்ம் ஏறத்தாழ 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அந்த ஆட்டமும் 4 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். கண்ணால் பார்ப்பதற்கு இது பொருட்டல்ல. நீண்ட நேரப் படம் எடுப்பதற்கு ஒவ்வாது. தேய்ந்த லீட் ஸ்க்ரூவில் வெட்டிய வார்ம் இந்தத் தேர்வில் தேறாது. அரைத்து முடித்த வார்ம் இணை ஒன்றை விலைக்கு வாங்கி, அதற்கான உறையை மட்டும் நீங்கள் கடையுங்கள். வார்மின் இரு முனைப் பேரிங்குகளையும் சற்று முன்னழுத்தத்தோடு வையுங்கள். உறையை ஒரு கீலில் நிறுத்தி, ஸ்பிரிங்கால் சக்கரத்தை நோக்கி அழுத்தவிடுங்கள். சக்கரம் சற்று மையம் விலகியிருந்தாலும் உறை அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும், பற்களுக்கிடையே இடைவெளி விழாது. படம் எடுக்கும் எண்ணம் இப்போது இல்லையென்றால், தொலைநோக்கியை முதலில் டாப்சன் முறை மரப்பெட்டியில் (மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய தாங்கியில்) நிறுத்துங்கள். அதற்கு லேத்தில் செய்ய வேண்டியது நடு அச்சாணியும் அது சுழலும் பித்தளைப் புஷ்ஷும் மட்டுமே, ஒரு மாலையில் முடியும்.